ஒரு வரி டிக்கெட்டும் நான்கு வட்டங்களும்: மென்பொருள் வடிவமைப்பு அன்றாட வேலையில் எப்படி நடக்கிறது

ஓர் அலுவலகத்தில் பணியாளர்கள் விடுப்பு கேட்பதற்கென்று ஒரு மென்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணியாளர் விண்ணப்பிப்பார், மேலாளர் ஒப்புதல் தருவார், அல்லது மறுப்பார். ஒருநாள் அந்த மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்கு ஒரு டிக்கெட், அதாவது எழுத்தில் ஒரு வேலைக் கோரிக்கை, வருகிறது: "விண்ணப்பித்த விடுப்பை ரத்து செய்ய வசதி வேண்டும்." அவ்வளவுதான், ஒரே வரி. திரையில் ஒரு பட்டன் வைத்து, டேட்டாபேஸிலிருந்து அந்த விண்ணப்பத்தை அழித்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் மதியத்துக்குள் எழுதி முடித்தும் விடுவார்.

அப்புறம்தான் கேள்விகள் வரும். ஒப்புதல் கிடைத்துவிட்ட விடுப்பை ரத்து செய்யலாமா? செய்தால் மேலாளருக்குத் தெரிய வேண்டாமா? ஐந்து நாள் விடுப்பில் இரண்டு நாள் கழிந்தபிறகு ஒருவர் ரத்து செய்தால், கழிந்த இரண்டு நாளும் அவர் கணக்கில் திரும்ப ஏறிவிடுமா? மேலாளர் ஒப்புதல் பட்டனை அழுத்தும் அதே நொடியில் பணியாளர் ரத்து பட்டனை அழுத்தினால் எது ஜெயிக்கும்?

இந்தக் கேள்விகளைப் பயனர்கள் புகாராக அனுப்பும்போது தெரிந்துகொள்வது ஒரு வழி. கோட் (நிரல்) எழுதுவதற்கு முன்பே நமக்கு நாமே கேட்டுக்கொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் கைகொடுப்பதற்காக உருவானவைதான் மென்பொருள் வடிவமைப்பு முறைகள். பெயரைக் கேட்டால் பெரிய சமாசாரம் போல இருக்கும். உண்மையில் அவை, நாம் கேட்க மறந்துவிடுகிற கேள்விகளை நம்மிடமிருந்தே கறந்தெடுக்கும் தந்திரங்கள்.

இந்தத் துறையில் இப்படிப்பட்ட முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. மென்பொருள் திட்டங்கள் சொன்ன நேரத்தில் முடிவதில்லை, சொன்ன செலவில் அடங்குவதில்லை, முடிந்தாலும் சரியாக ஓடுவதில்லை என்ற கவலை அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது. 'மென்பொருள் பொறியியல்' என்ற சொல் பரவலானதும் அந்த மாநாட்டுக்குப் பிறகுதான். பாலம் கட்டுகிறவர்கள் வரைபடம் போட்டுவிட்டுத்தானே கட்டுகிறார்கள், நாமும் அப்படிச் செய்தால் என்ன என்ற எண்ணம் வலுப்பெற்றது. அடுத்த 30 ஆண்டுகளில் முறைகளும் வரைபட வகைகளும் வரிசையாக வந்தன. ஆளுக்கொரு குறியீடு என்றிருந்த அந்தச் சந்தடியைச் சீர்செய்ய கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் யாக்கப்சன் ஆகிய மூவரும் தங்கள் முறைகளை இணைத்தார்கள். அதிலிருந்து பிறந்த யூஎம்எல் என்ற வரைபட மொழி 1997-ல் தொழில்துறையின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. கல்லூரிப் பாடத்தில் பல பேரைத் தூங்கவைக்கும் அந்தப் பெட்டிகளும் அம்புகளும் இதுதான்.

சரி, வேலைக்குப் போன இடத்தில் யாராவது இதை முழுசாகப் பயன்படுத்துகிறார்களா? மரியன் பெட்ரே என்ற ஆய்வாளர் 50 மென்பொருள் வல்லுநர்களிடம் இதையே கேட்டு, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார். 35 பேர் யூஎம்எல்லைப் பயன்படுத்துவதே இல்லை என்றார்கள். பயன்படுத்தியவர்களிலும் பெரும்பாலானோர் தேவையான துண்டை மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எல்லாம் வீண்' என்று முடிவுகட்டுவது அவசரம். வெள்ளைப் பலகை முன்னால் இரண்டு புரோகிராமர்கள் நின்று பெட்டி போட்டு அம்பு இழுக்கிறார்கள், பேசுகிறார்கள், அழிக்கிறார்கள், மறுபடி வரைகிறார்கள். அதுதான் வடிவமைப்பு. அதற்கு அவர்கள் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

நான்கு வட்டங்கள்

நம் ரத்து பட்டனுக்கு வருவோம். இங்கே கைகொடுப்பது, ஒரு பொருள் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்று காட்டும் நிலை வரைபடம். அநேகமாக உங்களிடம் இருக்கும் கருவிகளிலேயே உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் எண்ணம்.

பலகையில் 'காத்திருக்கிறது', 'ஒப்புதல்', 'மறுப்பு', 'ரத்து' என்று நான்கு வட்டம் போடுங்கள். ஒரு விண்ணப்பம் எந்த நேரத்திலும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். இப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் மற்ற மூன்றுக்குப் போகலாம் என்பதால், மொத்தம் 12. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இது நடக்கலாமா? நடந்தால் யார் செய்கிறார்?

காத்திருப்பதிலிருந்து ஒப்புதலுக்கு: மேலாளர் செய்கிறார், சரி. காத்திருப்பதிலிருந்து ரத்துக்கு: பணியாளர் செய்கிறார், யாரையும் கேட்கத் தேவையில்லை. மறுப்பிலிருந்து ஒப்புதலுக்கு? மேலாளர் மனம் மாறலாமே. அதை அனுமதிப்பதா, புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வதா? இதற்கு விடை புரோகிராமரிடம் இல்லை. விடுப்பு விதிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்கவேண்டிய கேள்வி இன்னதென்று தெரிந்துகொண்டு போவதற்கும், 'ரத்து எப்படி வேண்டும் சார்?' என்று மொட்டையாகக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஒப்புதலிலிருந்து ரத்துக்கு என்ற அம்பை வரையும்போதுதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது. ஒப்புதல் தந்த விடுப்பை ரத்து செய்ய மேலாளரின் சம்மதம் வேண்டும் என்பது விதியானால், அந்தச் சம்மதம் வரும்வரை விண்ணப்பம் எந்த வட்டத்தில் இருக்கிறது? நான்கில் எதிலும் இல்லை. ஆக, 'ரத்து கோரப்பட்டது' என்று ஐந்தாவது வட்டம் பிறக்கிறது. பாதி விடுப்பில் வந்து ரத்து செய்கிறவர் கேட்பதோ உண்மையில் ரத்தே அல்ல. அவர் விடுப்பின் முடிவு நாளை முன்னால் இழுக்கச் சொல்கிறார். அது வேறு வேலை, வேறு டிக்கெட். ஒரு வரியில் வந்த கோரிக்கைக்குள் இரண்டு கோரிக்கைகள் ஒளிந்திருந்தது இப்போதுதான் வெளியே வருகிறது.

இந்தப் படத்துக்கு அழகு தேவையில்லை; கோணல்மாணல் வட்டங்கள் போதும். அது நேரடியாக நிரலாகவும் மாறும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற பட்டியலை ஒரே இடத்தில் எழுதி, நிலையை மாற்றும் எல்லா வேலையையும் அதன் வழியாக விட்டுவிட்டால், பட்டியலில் இல்லாத மாற்றம் நடக்கவே முடியாது. ஒரே நொடியில் இரண்டு பேர் பட்டன் அழுத்தும் சிக்கலும் இதிலேயே அடங்கும். 'இது இன்னும் காத்திருக்கும் நிலையில் இருந்தால் மட்டும் மாற்று' என்று டேட்டாபேஸுக்கே நிபந்தனையோடு கட்டளை தர வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயிப்பார். இரண்டாமவருக்கு 'நிலை மாறிவிட்டது, மறுபடி பாருங்கள்' என்று பதில் போகும்.

எதை மறைத்து வைப்பது

நிலை வரைபடம் ஒரு பொருளின் வாழ்க்கையைக் காட்டுகிறது. மென்பொருளை எங்கே வெட்டிப் பகுதிகளாகப் பிரிப்பது என்பது வேறு கேள்வி. வடிவமைப்பு பற்றிய விவாதங்களில் பாதி இதைச் சுற்றித்தான் நடக்கும்.

புதிதாக எழுதுகிறவருக்கு இயல்பாகத் தோன்றும் வழி, வேலை நடக்கும் வரிசையில் வெட்டுவது. முதலில் படிவத்தை வாங்கு, பிறகு மீதி நாட்களைச் சரிபார், பிறகு சேமி, பிறகு மெயில் அனுப்பு. படிக்கு ஒரு பகுதி. பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் விடுப்பு நாட்களை எந்த வடிவில் சேமிக்கிறோம் என்பது நான்கு பகுதிகளுக்கும் தெரிந்திருக்கும். அரை நாள் விடுப்பு என்று ஒன்று புதிதாக வந்தால் நான்கையும் திறந்து திருத்த வேண்டும்.

டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் 1972-ல் எழுதிய ஒரு சிறிய ஆய்வுக்கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஒரே நிரலை அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று வேலை நடக்கும் வரிசைப்படி. மற்றொன்றில், பின்னால் மாறக்கூடிய முடிவுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவைத்தார். நிரல் வாங்கும் உரையின் வரிகளை நினைவகத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்ற ஒரு முடிவை மாற்றினால் முதல் பிரிவில் எல்லாப் பகுதிகளும் அடிவாங்கின; இரண்டாவதில் ஒன்றே ஒன்றுதான் மாறியது. இரண்டு நிரல்களும் செய்யும் வேலை ஒன்றுதான், வெட்டிய இடம்தான் வேறு.

இந்தக் கருத்துக்குத் தகவல் மறைப்பு என்று பெயர். பெயர் கொஞ்சம் திருட்டுத்தனமாக ஒலித்தாலும் விஷயம் நேர்மையானது: மாறப்போவதை ஒரே இடத்தில் பூட்டிவை, மற்றவர்கள் கதவைத் தட்டிக் கேட்கட்டும். நம் மென்பொருளில் மாறக்கூடியவை எவை? நாட்களை எண்ணும் விதி மாறும், விடுமுறைப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். மேலாளரே விடுப்பில் இருந்தால் யார் ஒப்புதல் தருவது என்பது கண்டிப்பாக மாறும். அறிவிப்பு இன்று மெயிலில் போகிறது, நாளை வேறு வழியில் போகும். இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு கட்டிக்கொடுத்தால் வடிவமைப்பின் பெரும்பகுதி முடிந்தது.

அன்றாடப் பேச்சில் 'கப்ளிங் அதிகமாக இருக்கிறது' என்று புரோகிராமர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பகுதி இன்னொன்றின் உள்விவரங்களை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறது என்பதன் அளவுதான் கப்ளிங். ஒரு பகுதிக்குள் இருப்பவை எவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை என்பது கொஹீஷன். முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருக்க வேண்டும். ஸ்டீவன்ஸ், மயர்ஸ், கான்ஸ்டன்டைன் மூவரும் 1974-ல் எழுதிய கட்டுரை இந்த இரண்டு சொற்களையும் பரவலாக்கியது. இவற்றை அளக்க எந்த மீட்டரும் வேண்டாம். ஒரு சின்ன மாற்றத்துக்கு எத்தனை ஃபைல்களைத் திறக்கவேண்டி வந்தது என்று எண்ணிப் பாருங்கள், போதும்.

கதவைத் தட்டிக் கேட்பதிலும் ஒரு கவனம் வேண்டும். 'மீதி எவ்வளவு?' என்று கேட்டால் '12' என்று பதில் வருகிறது. 12 நாளா, 12 அரை நாளா, 12 மணி நேரமா? அற்பமான சந்தேகமாகத் தெரியலாம். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் அலகில் சரியாகவே கணக்குப் போட்டன. பிழை நடுவில், ஒப்பந்தத்தில் இருந்தது. பகுதிகளுக்கு நடுவே என்ன பரிமாறப்படுகிறது, எந்த அலகில், தவறானால் என்ன பதில் வரும் என்று முதலில் எழுதிவைத்துக்கொள்வது அதனால்தான் பல குழுக்களில் வழக்கமாகிவிட்டது.

மீதியை எப்படி வைப்பது என்ற பேச்சு வந்துவிட்டதால் ஒரு சின்ன விலகல். ஒவ்வொரு பணியாளருக்கும் 'மீதி: 12' என்று ஓர் எண்ணை மட்டும் வைத்து, விடுப்பு எடுக்கும்போது கழித்து, ரத்தானால் கூட்டலாம். அல்லது வங்கி பாஸ்புக் போல, வரவும் செலவும் தனித்தனி வரிகளாக எழுதி, மீதியை அவ்வப்போது கூட்டிப் பார்க்கலாம். முதலாவது எளிது. ஆனால் 'எனக்கு ஏன் 12 காட்டுகிறது, 14 இருக்க வேண்டுமே' என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. இரண்டாவதில் வரிகளைக் காட்டினால் போதும். இப்படி 'என்னென்ன தரவு, அவற்றுக்குள் என்ன உறவு' என்று முன்கூட்டியே யோசிப்பது தரவு மாதிரி வரைதல். நிரலைத் திருத்துவது சுலபம். இரண்டு வருடம் சேர்ந்துபோன தரவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது அப்படியல்ல. ஆகவே வடிவமைப்புக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அதில் முக்கால் மணியைத் தரவுக்கே கொடுப்பேன்.

பேட்டர்ன் ஆசை

1994-ல் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து 23 வடிவமைப்புப் பேட்டர்ன்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அடிக்கடி வரும் சிக்கல்களுக்கு ஏற்கெனவே பலர் கண்டுபிடித்த தீர்வுகள், பெயரோடு. பெயர் இருப்பதுதான் அதில் பெரிய லாபம். 'விடுப்பு வகைக்கு ஒரு விதி, எல்லா விதிக்கும் ஒரே முகம், எதைக் கூப்பிடுவது என்று ஓடும்போது தீர்மானிக்கலாம்' என்று நீட்டி முழக்கவேண்டியதில்லை. 'ஸ்ட்ராடஜி போட்டுவிடலாம்' என்றால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இதைக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லோருக்கும் ஒரு ஜுரம் வரும். எனக்கும் வந்தது. ஒரே ஒரு கணக்கீட்டு விதி இருந்த இடத்தில், நாளை பத்து விதி வரலாம் என்று நினைத்து ஆறு கிளாஸ்கள் (நிரலின் தனித்தனித் துண்டுகள்) எழுதினேன். அந்தப் பத்து விதிகள் வரவே இல்லை. என் பின்னால் வந்தவர் ஒரு கூட்டல் எங்கே நடக்கிறது என்று தேடி ஆறு ஃபைல்களுக்குள் அலைந்தார். இரண்டாவது விதி வந்து கதவைத் தட்டும்வரை முதல் விதியை நேராக எழுதிவைப்பதே மேல். இரண்டாவது வந்ததும் கோடைக் கொஞ்சம் மாற்றியமைத்து இடம் பண்ணிக்கொள்ளலாம். செயல் மாறாமல் அமைப்பை மட்டும் மாற்றும் அந்த வேலைக்கு ரீஃபேக்டரிங் என்று பெயர். அதைத் துணிந்து செய்ய, கோட் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்கள் வேண்டும் என்பது தனிக் கதை.

முன்னாலா, நடுவிலா

எல்லாவற்றையும் முதலில் வடிவமைத்து முடித்துவிட்டு, பிறகு கோட் எழுத உட்காரலாமா? அருவி போல மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கும் அந்த முறைக்கு மூலம் என்று வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரையைச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய ராய்ஸே, இதை அப்படியே செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரையில் எழுதினார். படம் ஊரெல்லாம் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை.

என் முதல் வேலையில் 80 பக்க வடிவமைப்பு ஆவணம் ஒன்றைத் தந்தார்கள். ஒவ்வொரு கிளாஸும், அதன் ஒவ்வொரு செயலும் அதில் இருந்தது. மூன்றாவது மாதத்தில் கோட் ஒரு பக்கமும் ஆவணம் ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. யாரும் ஆவணத்தைத் திருத்தவில்லை; திருத்த நேரமும் இல்லை. அதை நம்பிப் படித்த நான்தான் முட்டாளானேன். அதைவிட, ஆவணமே இல்லாமலிருந்தால் கோடைப் படித்திருப்பேன்.

2001-ல் 17 பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி வெளியிட்ட அஜைல் (சின்னச் சின்னப் படிகளாக, மாற்றங்களை ஏற்றுக்கொண்டே எழுதும் முறை) அறிக்கைக்குப் பிறகு ஊசல் மறுபக்கம் ஆடியது. வடிவமைப்பே வேண்டாம், எழுதிக்கொண்டே போகலாம் என்று சிலர் அதைப் புரிந்துகொண்டார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. நல்ல வடிவமைப்பில் தொடர்ந்து கவனம் வைப்பதை அது தன் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இன்று ஓரளவு நன்றாக இயங்கும் குழுக்கள் நடுவழியில் போகின்றன. மாற்றுவதற்குக் கடினமானவற்றை, அதாவது தரவின் வடிவம், வெளியாருக்குத் தரும் இணைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றை முதலில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். சுலபமாக மாற்றக்கூடியதை எழுதும்போது பார்த்துக்கொள்கிறார்கள். நம் ரத்து பட்டனுக்கு 20 நிமிடப் பலகைப் பேச்சு போதும். விடுப்புக் கணக்கைச் சம்பளக் கணக்கோடு இணைக்கும் வேலைக்கு நான்கு பக்கக் குறிப்பு எழுதி, மூன்று பேர் படித்துக் கருத்துச் சொல்லும்வரை காத்திருப்பதில் தப்பில்லை.

எழுதி முடித்த கோடை இன்னொருவர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவிலும் வடிவமைப்பு நடக்கிறது. ஆனால் 'இதை வேறு மாதிரி பிரித்திருக்கலாமே' என்று அப்போது சொன்னால், எழுதியவர் மூன்று நாள் உழைப்பைக் கலைக்க வேண்டும். சங்கடமான தருணம் அது. பலர் வாயை மூடிக்கொண்டு 'ஓகே' போட்டுவிடுவார்கள். அதே கருத்து பலகை முன்னால் வந்திருந்தால் ஒரு டஸ்டரோடு போயிருக்கும்.

அழிந்துபோகாமல் இருக்கவேண்டியது

பலகைப் படங்களை அழித்துவிடலாம். கோடிலிருந்து 'என்ன' என்பதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரைந்துகொள்ளலாம். 'ஏன்' என்பதை அப்படி மீட்க முடியாது. முடிவெடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் அவரோடு போய்விடும். இதற்கு 2011-ல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் ஒரு எளிய வழி சொன்னார். ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி, நிரல் இருக்கும் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். என்ன சூழல், என்ன முடிவு, அதனால் என்ன விளைவு என்று ஒரு பக்கம், இரண்டு பக்கத்துக்குள். முடிவு பின்னால் மாறினால் பழைய குறிப்பை அழிப்பதில்லை; 'இது மாற்றப்பட்டது' என்று குறித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும்.

நம் மென்பொருளில் அது இப்படி இருக்கும்: "விடுப்பு மீதியை ஓர் எண்ணாக வைக்காமல், வரவு செலவு வரிகளாக வைக்கிறோம். மீதி ஏன் இவ்வளவு என்று பணியாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ரத்து செய்தாலும் பழைய வரியை அழிக்காமல், அதை ஈடுசெய்யும் எதிர்வரி எழுதலாம். விளைவு: மீதியைக் காட்ட ஒவ்வொரு முறையும் கூட்ட வேண்டும். பணியாளர் எண்ணிக்கை மிகவும் கூடி, திரை மெதுவானால் இதை மறுபடி பார்க்க வேண்டும்."

இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் கோடைத் திறந்து, 'இதென்ன இவ்வளவு சுற்றி வளைத்து? ஓர் எண்ணாக வைத்தால் முடிந்ததே' என்பார். குறிப்பைப் படித்தபிறகு அவர் அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: திரை மெதுவாகிவிட்டதா?